ஒரே டேபிளில் மூன்று பேர்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கவிதா என்று பெயர் வைத்தார்கள். என் பெயர் ஜெயந்தி. வாடிக்கையாளரிடம் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்த டீம் லீடர் பிரவீன் சின்ன வயசுக்காரர். சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க மேம், இங்க எல்லாருக்கும் ரெண்டு பேர் இருக்கு" என்றார்.

அதற்கு முன் பதினான்கு வருடம் திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருந்தேன். சீசனில் போனில் ஆர்டர் எடுப்பேன். மற்ற நாளில் புரூப் பார்ப்பேன். பிரஸ்ஸில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். தமிழில் பொறுமையாகப் பேசுகிறவர்கள் தேவை, வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். பணம் வைத்துப் போக்கர் ஆடும் ஆப் என்பது இன்டர்வியூவில்தான் தெரிந்தது.

நான் போக்கர் ஆடியதில்லை. வேலைக்காகக் கற்றுக்கொண்டேன். ஒரு டேபிளில் ஆறு பேர் வரை உட்காரலாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அது அவரவருக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் விரியும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. சுற்றுக்குச் சுற்று பந்தயம் ஏறும். துணிய முடியாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆட்டம். தெரிந்துகொண்டு ஆடினால் அதற்குப் பெயர் திருட்டு.

ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது புகார் சொன்னால் சொல்ல வேண்டிய பதிலை எழுதியே கொடுத்திருந்தார்கள். "உங்கள் புகாரை ஆய்வு செய்தோம். ஆட்டம் நேர்மையாகவே நடந்துள்ளது. எங்கள் மீது நம்பிக்கை வைத்ததற்கு நன்றி." ஆய்வு செய்வது யார் என்று பிரவீனிடம் கேட்டேன். "அது வேற டீம் மேம், நீங்க சொல்லிடுங்க போதும்" என்றார். நான் சொல்லிவந்தேன்.

2. ஏழாயிரம்பண்ணை போர்மேன்

வேல்ச்சாமி முதலில் கூப்பிட்டது ஒரு மத்தியானம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் போர்மேன். யூனிட்டுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனால், சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில்தான் பேசினார்.

"மேடம், என் டேபிள்ல மூணு பேரு ஒரே ஆளு மாதிரி ஆடுறாக."

"எதை வச்சு சார் சொல்றீங்க?"

"எங்க யூனிட்ல ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது மேடம். அத எண்ணிப் பாக்குறதுதான் என் வேல. ஆளுக எப்பப் பேசி வச்சுக்கிட்டு வேல பாக்குறாக, எப்ப அவுக அவுக பாட்டுக்குப் பாக்குறாகன்னு எனக்குத் தெரியும். இந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் தொடுறதே இல்ல. நான் ஆட்டத்துல இருந்தா மட்டும் மாத்தி மாத்திப் பந்தயத்த ஏத்தி என்ன வெரட்டிடுறாக."

கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த பதிலைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. விருதுநகரில் என் வீட்டுக்குப் பின்னால் மிளகாய் குடோன். லோடு இறக்குகிற நாளில் ஜன்னலை அடைத்தாலும் தொண்டை கமறும்.

வேல்ச்சாமி சிரித்தார். "மேடம், நீங்க விருதுநகரா? இந்த இருமல எங்க கேட்டாலும் சொல்லிருவேன். நான் சின்னதுல அங்க மொளகா மண்டியில மூட தூக்குனவன்."

விதிப்படி நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா இருந்தேன்.

"நம்ம ஊர்க்காரகளா! அப்பச் சரி மேடம். நீங்க நல்லாப் பாத்துட்டுத்தான சொல்லுவீக. நான்தான் தப்பா நெனச்சிருப்பேன்."

போனை வைத்துவிட்டார். அவருடைய டேபிளை நான் பார்க்கவில்லை. வேறு யாராவது பார்த்தார்களா என்றும் எனக்குத் தெரியாது. அவர் தொடர்ந்து ஆடினார்.

3. புரூப் பார்த்த கண்

அடுத்த வருடம் என்னை ஃபேர் பிளே டீமுக்கு மாற்றினார்கள். ஆய்வு செய்வதாகச் சொல்லிவந்தேனே, அந்த டீம். மொத்தம் நாங்கள் நான்கு பேர்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது அப்படியே பதிவாகி இருக்கும். அதற்கு ஹேண்ட் ஹிஸ்டரி என்று பெயர். முதல் வேலையாக வேல்ச்சாமியின் பழைய புகாரை எடுத்தேன்.

புரூப் பார்ப்பது மாதிரிதான் அந்த வேலையும். வரியாக வாசித்துக்கொண்டு போனால் தப்பு தானாகக் கண்ணில் இடறும். இரண்டு நாள் வாசித்தேன். வேல்ச்சாமி சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று கணக்குகளும் ஒரே இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தன. ஒருவர் பந்தயத்தை ஏற்றுவார், இன்னொருவர் அதன்மேல் ஏற்றுவார், நடுவில் மாட்டியவர் பயந்து விலகுவார். வெளி ஆள் போனதும் மூவரும் சண்டையே இல்லாமல் ஆட்டத்தை முடித்துக்கொள்வார்கள். இந்த மாதிரிக் கூட்டு ஆட்டத்தைக் கொல்யூஷன் என்பார்கள். கையும் களவுமாகப் பிடித்த கேஸ்.

ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். பிரவீன் போனில் வந்தார்.

"நல்ல வேலை மேம். ஆனா இந்த மூணும் விஐபி அக்கவுண்ட். 'அப்சர்வேஷன்'னு போட்டு வைங்க, இப்ப கை வைக்க வேணாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மேல இருந்து சொல்ற வரைக்கும்."

ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்கு ஒரு பங்கு உண்டு. அந்த மூவரும் காலை முதல் ராத்திரி வரை ஆடுகிறவர்கள். மேலே இருந்து யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

அதற்குள் வேல்ச்சாமி கவிதா மேடத்திடம்தான் பேசுவேன் என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். நான் என் சொந்தப் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். அது பெரிய விதிமீறல். அன்றைக்கு அது நியாயமாகப் பட்டது.

"தம்பி, நீங்க சொன்னது சரி. அவங்க கூட்டாத்தான் ஆடுறாங்க. அந்த டேபிளுக்குப் போகாதீங்க."

அவர் நிதானமாகக் கேட்டார். "எப்படிக்கா ஒருத்தருக்கொருத்தர் சீட்டச் சொல்லிக்கிடுறாக?"

சொன்னேன். ஒரே ரூமில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வார்கள், இல்லையென்றால் இன்னொரு போனில் லைனைத் துண்டிக்காமல் வைத்திருப்பார்கள்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீக?"

அதையும் சொன்னேன். ஒரே இணைப்பிலிருந்து வருவது, ஒரே நேரத்தில் டேபிளில் உட்காருவது, தங்களுக்குள் ஒருபோதும் தோற்றுக்கொள்ளாதது. ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றார். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கடைசியில், "இம்புட்டு நாளா ஒருத்தரும் எனக்கு உண்மையச் சொல்லல. நீங்கதான்க்கா சொன்னீக" என்றார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு அன்று ஒருநாள்தான் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

4. மழைக்கு அடைத்த நாள்

அடுத்த பட்டாசு சீசனில் ஒரு புதுப் புகார் வந்தது. அனுப்பியவர் பெயர் செல்வம். பட்டாசு யூனிட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஓட்டுகிறவர். "என்னச் சுத்தி மூணு பேரு நின்னு அடிக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்று எழுதியிருந்தார்.

ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று கணக்கு, மூன்று போன், மூன்று சிம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் விட்டு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே தங்களுக்குள்ளேயே கொஞ்சம் தோற்றுக்கொண்டார்கள். சந்தேகப்பட இடமில்லை என்று எழுதப் போனேன். எழுதும்போதுதான் உறைத்தது. நான் எதை எதைப் பார்ப்பேன் என்று ஒருத்தரிடம் சொல்லியிருந்தேனோ, அதை எல்லாம் ஒன்று விடாமல் தவிர்த்திருந்தார்கள்.

அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று கணக்கும் அசையாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் ஆட்டம். மழைக்காக யூனிட்டுகளை அடைத்திருந்த இரண்டு நாளும் மூவரும் பகல் முழுக்க ஆடியிருந்தார்கள்.

கணக்குகளில் ஒன்று நாகலட்சுமி என்ற பெண்ணின் பெயரில் இருந்தது. அவர் கொடுத்திருந்த கதவு எண்ணும் தெருவும் வேல்ச்சாமி கணக்கில் இருந்தவைதான். இன்னும் ஒன்று பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். புது ஆளைச் சேர்த்துவிட்டால் போனஸ் கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்துவிட்டவரின் விவரம் செல்வத்தின் கணக்கில் இருந்தது. சேர்த்துவிட்டவர் வேல்ச்சாமி. தானே கூட்டிவந்து உட்கார வைத்து, மனைவி பெயரில் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, செல்வம் உங்கள நம்பித்தான இதுல சேந்தாரு?"

நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நானும் உங்கள நம்பித்தானக்கா ஆடுனேன்."

"நான் உங்களக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"எதுலருந்துக்கா காப்பாத்துனீக? எங்கிட்ட அடிச்சது அம்புட்டும் போன பொறகு சொன்னீக. அந்த மூணு பேரும் இப்பவும் ஆடிக்கிட்டுத்தான இருக்காக? தெனமும் பாக்குறேன், ஒரு நா தவறாம அங்கன உக்காந்திருக்காக. உங்களால அவுகள எந்திரிக்க வைக்க முடிஞ்சதா?"

முடியவில்லை என்றேன்.

"அப்ப என்னையும் விட்டுருங்க. போனது வந்த ஒடனே நிறுத்திக்கிடுறேன். செல்வத்துக்கும் குடுத்துருவேன். எம் பிள்ளைக மேல சத்தியமா."

அவர் அழுதார். நான் விட்டிருக்கலாம். என்னைத் தவிர ஒருவராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் செல்வம் அனுப்பிய புகார் என் திரையில் திறந்தபடியே இருந்தது. உங்கள் ஆட்டம் நேர்மையாக நடந்துள்ளது என்று இன்னொருவருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்கையும் முடக்கிவிட்டார்கள். பிரவீன் சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

"செம கேட்ச் மேம்! சிஸ்டமே பிடிக்காததைப் பிடிச்சிருக்கீங்க."

"முடக்குன பணம் செல்வத்துக்குப் போகுமா?"

"இல்ல மேம். அது கம்பெனிக்குத்தான், பாலிசி."

"அந்த விஐபி மூணு பேரு?"

"அது அப்சர்வேஷன்ல இருக்குல்ல மேம்" என்றார், புதுசாகக் கேட்பதுபோல.

செல்வத்துக்குப் போன பதிலை நான்தான் அனுப்பினேன். தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மட்டும் அதில் இருந்தது. யார் மேல் என்று எழுத அனுமதி இல்லை. அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று எனக்கு ஒரு சான்றிதழ் மெயிலில் வந்தது. அதைத் திறக்காமலே அழித்தேன்.

5. நாகலட்சுமி

ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து சட்டம் வந்ததும் எங்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். விஐபி கேஸ் அன்றுவரை அப்சர்வேஷனில்தான் இருந்தது. வேலை போன இரண்டாம் வாரம் நான் பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கவா, எனக்கே தெளிவில்லை.

வேல்ச்சாமி வீட்டில் இல்லை. நாகலட்சுமி வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "உக்காருங்க, தண்ணி குடிக்கிறீகளா?" என்றார்.

நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கணக்கை முடக்கியதும், கூட்டில் இருந்த நாகலட்சுமியின் தம்பி தன் பங்குப் பணத்தைக் கேட்டுத் தெருவில் வைத்துச் சத்தம் போட்டிருக்கிறான். எல்லாமே வெளியே வந்துவிட்டது. விஷயம் செல்வத்தின் காதுக்குப் போனது, அவருடைய வேனில் போகும் ஆட்களுக்கும் போனது.

"மறுநா காலையில ஒருத்தரும் ரூமுக்குள்ள போகல. இந்தாளு எட போட்டுக் குடுக்குற வெடி மருந்த நம்பி நாங்க உக்கார மாட்டோம்னுட்டாக. மருந்து வெசயத்துல இவரு ஒரு நாளும் தப்புப் பண்ணதில்லம்மா. ஒரு கிராம் கூடுனாலும் திருப்பி வாங்கிருவாரு. அத யாரும் கேக்கல. முதலாளி மறுநாளே நிப்பாட்டிட்டாரு."

இப்போது திருப்பூரில் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறாராம். போன் வருவது அபூர்வம். செல்வத்தின் வேன் இந்தத் தெருவில் நிற்பதில்லை.

"உங்க பேர்ல கணக்கு இருந்தது தெரியுமா?"

"போன மூஞ்சிக்கு நேரா நீட்டி, படம் எடுக்கணும், கண்ணச் சிமிட்டுன்னாரு, சிமிட்டுனேன். எதுக்குன்னு கேக்கல. புருசங்கிட்ட கேப்பமா?"

குழாயை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னால இவர ஏமாத்துனாகளே மூணு பேரு, அவுகளப் பிடிச்சாச்சா?"

"இல்ல."

"பிடிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப இம்புட்டுப் பேருல இவரு ஒருத்தருதான் திருடனா?"

அவர் மறுபடி காகிதத்தை எடுத்தார். அவர் கொடுத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இந்த மாதிரிச் சோதனை வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கம்பெனியே சொல்லிக் கொடுத்துவிடும். யாரைப் பிடிக்க விடுவார்கள் என்பதைச் சேருவதற்கு முன் நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்திருந்தால் சேராமல் இருந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சேர்ந்திருப்பேன். அப்போது வீட்டில் எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது.