வாய் நிறையத் தண்ணீர்

"பக்கத்த எண்ணுறாங்க தம்பி. அந்தப் பக்கத்தப் படிச்சவன் மெஷின ஓட்டுனானான்னு எவனாச்சும் எண்ணுறானா?"

பூங்காவனம் அக்கா இதைக் காலையில் கைப்பையை நாற்காலியில் மாட்டும்போது ஒரு தடவை சொல்வார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு தடவை. சாயங்காலம் அரியலூர் பஸ் படியில் ஏறி, திரும்பி நின்று இன்னொரு தடவை. கண்டக்டருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "ஓட்டுனானா இல்லையான்னு உள்ள போய் ஒக்காந்து பேசும்மா, படியில நிக்காத" என்பார்.

பெரம்பலூருக்கு வெளியே விவசாய மெஷின்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கையேடு எழுதும் பிரிவு எங்களுடையது. மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷின், வெங்காயம் தரம் பிரிக்கும் மெஷின், எது விற்றாலும் கூடவே எங்கள் புத்தகம் ஒன்று போகும். அதை எழுதுகிறவர்களுக்கு அக்காதான் தலைமை. ஆண்டிமடத்துக்காரர், பிசிக்ஸ் படித்தவர். முதலில் இதே கம்பெனியில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைக் கவரை விட்டே எடுக்கவில்லை, எடுத்தவர்கள் நன்றியுரை தாண்டவில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் வெட்டுகிற கை. தன் தம்பியின் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பேனாவால் பாதியாக்கித்தான் அச்சுக்குக் கொடுத்தார். வெட்டுப்பட்டதில் மூன்று தாய்மாமன்கள். "மாமன் வருவாருன்னு யாருக்குத் தெரியாது? அத அச்சடிச்சு வேற சொல்லணுமா?" என்று கேட்டார். மாமன்கள் வரவில்லை.

அக்காவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. புதுக் கையேடு எழுதி முடித்ததும், மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு குன்னம் பக்கம் ஏதாவது ஒரு வயக்காட்டுக்குப் போய்விடுவார். அந்த மெஷினைப் பார்த்தே இராத ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுப்பார். பிறகு தன் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது.

"வாய் சும்மா கெடந்தா, அந்த நட்டத் திருகுங்கன்னு நானே சொல்லிருவேன் தம்பி. விக்கிற மெஷின் கூடல்லாம் வூடு வூடா நாம போயி ஒக்கார முடியுமா?"

மெஷின் ஓடி முடியும்வரை தண்ணீர் வாயில் நின்றால் புத்தகம் பாஸ்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திருச்சியிலிருந்து வைத்திலிங்கம் சார் மேனேஜராக வரும்வரை. நல்ல மனிதர். ஆனால் பேச்சு மட்டும் மேட்டில் ஏறுகிற லோடு வண்டி. "பூங்கா... வனம்... மேடம். உங்க... அவுட்புட்டு... எங்க... மேடம்?"

அவுட்புட் என்றால் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று அர்த்தம். சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார். ஆளுக்கொரு கம்பம். மற்றவர்களுடையது பனைமரம் மாதிரி நிற்க, அக்காவுடையது வெட்டிய சோளத்தட்டையின் கட்டை மாதிரி தரையோடு கிடந்தது. நாங்கள் லேசுப்பட்டவர்களா? எழுத்தைப் பெரிதாக்கினோம். முன்னுரைக்கு ஒரு முன்னுரை எழுதினோம். மக்காச்சோள மெஷின் கையேட்டில் மக்காச்சோளத்தின் மருத்துவக் குணங்களை மூன்று பக்கத்துக்கு எழுதிய புண்ணியவான் அடியேன்தான்.

அடுத்த மதிப்பீட்டில் யார் கம்பம் குட்டையோ, அவர் டெஸ்பாட்சுக்குப் போய்ப் பெட்டிகளில் லேபிள் ஒட்ட வேண்டும் என்று சார் அறிவித்தார். அறையில் யாரும் அக்கா பக்கம் திரும்பவில்லை.

அக்கா எழுந்தார். "சார், மக்காச்சோள மெஷினுக்கு நீங்க ஓகே பண்ணுன அறுவது பக்க புக்கு ஒண்ணு இருக்கு. நான் எழுதுன எட்டு பக்கமும் இருக்கு. குன்னத்துக்கு வாங்க. உங்க புக்குக்கு உங்க வாயில தண்ணி, என் புக்குக்கு என் வாயில. நான் தோத்தா நாளைக்கே லேபிள் ஒட்டப் போறேன்."

"தண்ணி... தான மேடம்? பாத்து... ருவோம்."

குன்னம் தாண்டி ஒரு களத்தில் மெஷினை இறக்கினோம். அந்தக் களத்துக்காரர் கலியம்மாள், கூட அவர் அண்ணன் நடராசன். முதலில் அறுபது பக்கம் நடராசன் கைக்குப் போனது. சார் கன்னம் உப்ப உட்கார்ந்தார்.

நடராசன் ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுத் திருப்பினார். நன்றியுரை, கம்பெனி வரலாறு, பிறகு என் மருத்துவக் குணங்கள். "சக்கரைக்கு நல்லதாம்ல!" என்று தங்கையிடம் சொன்னார். சார் என்னைப் பார்த்த பார்வையில் வேர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நடராசன் புத்தகத்தை மடித்து அக்குளில் செருகினார்.

"மீதிய வூட்டுக்குப் போயி படிச்சுக்கறேன். மெஷினு என்ன புதுசா?" என்றபடி ஒரு கையை மெஷின் வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டே மறு கையால் சுவிட்சைத் தேடினார்.

"யோவ் கைய எடுய்யா!" என்று சார் அலறினார். வாழ்நாளில் முதல்முறையாக நடுவில் நிற்காமல் ஒரு வாக்கியம். தண்ணீர் மொத்தமும் என் சட்டையில்.

அடுத்து கலியம்மாள். எட்டுப் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தார், படம் பார்த்து போல்ட்டை முடுக்கினார், முன்பக்கம் சாக்கை மாட்டினார், சுவிட்சைப் போட்டார். கதிர் உள்ளே போனது, மணி சாக்கில் கொட்டியது. அக்கா உப்பிய கன்னத்தோடு எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இன்னும் ஒரு கூடைக் கதிர்தான் பாக்கி.

அப்போதுதான் சார், மெஷினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனார். மணி உதிர்ந்த சக்கைகள் வேகமாக வெளியே பாய்கிற வழி அது. முதல் சக்கை அவர் முழங்காலில் பட்டது. இரண்டாவது வயிற்றில். அக்காவின் கண் விரிந்தது. தண்ணீரை விழுங்காமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் நாற்காலி அவருடையது.

"சார்! மூஞ்சிக்கு வருது, தள்ளி நில்லுங்க!"

தண்ணீர் களத்தில் சிதறியது. சார் குனிய, மூன்றாவது சக்கை தலைக்கு மேல் போனது. பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்ற வரியை அக்கா வெட்டியிருந்தார். அது யாருக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார், தாய்மாமன்கள் விஷயத்தைப் போலவே.

சார் வாயில் தண்ணீர் நிற்கவில்லைதான், ஆனால் அக்கா வாயிலும் நிற்கவில்லை. பந்தயப்படி அக்கா தோற்றுவிட்டார். மறுநாள் காலை அவர் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, சார் நொண்டிக்கொண்டே வந்து சுவரில் இருந்த வரைபடத்தைக் கிழித்தார்.

"டெஸ்பாட்ச்... லாம் வேணாம் மேடம். ஒக்காருங்க. இனிமே... பக்கம் எண்ண மாட்டேன். விக்கிற மெஷினுக்கு எத்தன புகார் போன் வருதுன்னு... அதத்தான் எண்ணப் போறேன். எல்லா புக்குக்கும்... தண்ணி கட்டாயம்." அதோடு விட்டிருக்கலாம். மேனேஜர் அல்லவா, விடவில்லை. "ஆனா... ஒண்ணு மேடம். பின்னாடி நிக்கக் கூடாதுங்கறது... என் புக்குல இருந்துச்சு. அம்பத்திரெண்டாம்... பக்கம்."

அக்கா கைப்பையை மறுபடி நாற்காலியில் மாட்டினார்.

"இருந்துச்சு சார், நான் இல்லைங்கல. நான் வெட்டுனது தப்புதான், மொத பக்கத்துலயே சேத்துட்டேன். ஆனா அம்பத்திரெண்டாம் பக்கத்தப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட நீங்களே, மெஷினுக்குப் பின்னாடிதான சார் போயி நின்னீங்க?"