மிஞ்சிய திராட்சரசம்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து ஆங்கிலிக்கன் குருவானவரான முதல் ஆள் என் சித்தப்பா. அவருக்கு முன் எங்கள் தோட்டத்துத் தேவாலயத்துக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், பிறகு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். இவர் எப்போது சறுக்குவார் என்று காத்திருந்தவர் சபை மூப்பரான தோட்டத்துப் பெரிய கிளாக்கர். ஏற்கெனவே ஒரு புகார் எழுதியிருந்தார். இன்னொன்று போனால் இந்த ஊர் இல்லை என்று சித்தி பயந்துகொண்டே இருந்தார்.

நற்கருணைக்கு முன் தலைகளை எண்ணிச் சொல்வது என் வேலை. இன்றும் பஸ்ஸில் ஆட்களை எண்ணாமல் என்னால் உட்கார முடிவதில்லை. எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்ற வேண்டும். ஆசீர்வதித்தது மிஞ்சினால் கொட்டக் கூடாது. குருவானவரே அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலம். அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஒரு சனிக்கிழமை யாக்கோபு வீடு, ஞானம்மா வீடு என்று சபையில் பெரும்பகுதி அதில் போனது. சித்தப்பா பதுளை ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் எண்ணிவிட்டு வந்து சொன்னேன். "பதினோரு பேருதான் சித்தப்பா."

"நானும் எண்ணுனேன்டா" என்றவர் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்தது.

பதினோரு பேரும் உதட்டை நனைத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தை அவர் குடித்தார். அதிகாலையிலிருந்து தண்ணீர்கூடப் படாத வயிறு. ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால் ஏதோ முணுமுணுத்தார். யாக்கோபு, ஞானம்மா, ஞானம்மா மகள் என்று என் காதில் விழுந்தது. போதையில் உளறுகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கியவர் தள்ளாடிப் பீடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபாதருக்கு இன்னைக்குப் பெருநாளு போல!" என்றார் கிளாக்கர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சும்மா இருங்க கிளாக்கரய்யா. மனுசன் அழுவுறாரு, தெரியலையா?" என்றாள் பின்பெஞ்சில் இருந்த ஒரு கொழுந்துக்காரி.

புகார் போனது. சித்தப்பாவை மொனராகலைக்கு மாற்றினார்கள். கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கூரை, சபையென்று இரண்டு குடும்பம். கடைசிவரை அங்கேதான் இருந்தார், அடக்கமும் அங்கேதான்.

அவரை பஸ் ஏற்றிவிடப் போனபோது எனக்கு இருந்தது ஒரே உறுத்தல்.

"நான் எண்ணுனது சரிதானே சித்தப்பா? பதினொன்னுதானே?"

"சரிதான்டா. ஒன் கணக்குல பிழையே இல்ல."

சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன். அவருடைய கணக்கு என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.