ருசி பார்க்காத ஜனார்தனன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஜப்பான் கம்பெனி ஒன்றில், விருந்தினர் அறைக்குத் தேநீர் போடும் வேலை ஜனார்தனனுடையது. சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமும் தினம் இரண்டு வேளை அவர் போட்ட ஜப்பான் கிரீன் டீயில் ஒரு சொட்டைக்கூட அவர் தன் நாக்கில் வைத்ததில்லை. இது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எச்.ஆர். மேலாளர் பாக்கியராஜ் அவரை என்றைக்கோ பேக்கிங் பிரிவுக்குத் தள்ளியிருப்பார்.

ஜனார்தனனுக்கு நாக்கில் கோளாறு ஒன்றும் கிடையாது. ஊர் திருவள்ளூர். விடியற்காலையில் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வெண்பொங்கல் தளிகை பண்ணுகிற பரம்பரை முறை அவர் குடும்பத்துக்கு உண்டு. அதை முடித்து மறுபடி குளித்து, நெற்றியில் திருமண் காயும் முன்பே ஏழரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிடுவார்.

மடப்பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் சமைத்தவன் ருசி பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. அதற்காக மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள். உப்பு எவ்வளவு என்பது கைக்குத் தெரியும். பருப்பு வெந்ததா என்பது சத்தத்தில் தெரியும். தப்பிப்போனாலும் பெரிய கவலையில்லை. பிரசாதம் வெளியே வந்த பத்தாவது நிமிஷம், தொன்னையும் கையுமாக நிற்கிற திருவள்ளூர் ஜனம் சும்மா விடாது. “என்ன ஓய், மிளகு இன்னிக்கு லீவா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடும். இருபத்திரண்டு வருஷமாக ஜனார்தனன் தன் கையைத் திருத்திக்கொண்டது இப்படித்தான்.

அந்தச் சட்டத்தை அப்படியே கம்பெனி பேன்ட்ரிக்கும் கொண்டுவந்ததுதான் அவர் செய்த காரியம். தண்ணீர் கொதிக்கவைக்கும் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கு வாய் எல்லாம் கட்டிக்கொள்வார். சுகாதாரத் தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து மெய்மறந்து போனார்கள். ‘முன்மாதிரி ஊழியர்’ என்று முகமே தெரியாத அவருடைய படத்தை நோட்டீஸ் போர்டில் பெரிதாக ஒட்டினார்கள். மனிதரும் அதைத் தினம் ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் போவார்.

முதல் நாளே தொழிற்சாலைத் தலைவர் மோரிதா, ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலை டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டார். டப்பாவின் மேல் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒரு ஓரத்தில் தெர்மாமீட்டர் படம் போட்டு எழுபது என்று இருந்தது. ஜனார்தனன் அதைப் பார்க்கத்தான் செய்தார். அரைச்சூட்டில் ஒரு பண்டத்தை ஒருவர் முன்னால் வைப்பதாவது என்று, அச்சுப் பிழையாக இருக்கும் என முடிவு கட்டினார். ஆவி பறக்காதது பெருமாளுக்கும் ஆகாது, மோரிதாவுக்கும் ஆகாது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை இலைமேல் ஊற்றினார். நூற்றெட்டு முறை நாமம் சொல்லி முடிக்கும்வரை ஊறவிட்டார். பிறகு ஒரு சின்னக் கெட்டிலில் வடித்துக்கொண்டு போய் வைத்து, இரண்டு அடி பின்வாங்கி, கைகட்டி நின்றார்.

மோரிதா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். கொஞ்சநேரம் திறக்கவே இல்லை. பிறகு இந்தியா வருவதற்கு முன் மனப்பாடம் பண்ணியிருந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்.

“ரொம்ப நல்லா இருக்கு.”

சொன்னதோடு நிற்காமல் கெட்டிலில் இருந்த கடைசிச் சொட்டுவரை ஊற்றிக் குடித்தார். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளையும் அதே வாக்கியம், அதே கடைசிச் சொட்டு. ஜனார்தனனுக்கு ருசி பார்க்க மீதி என்று ஒன்று இருந்ததே கிடையாது. தனக்கென்று தனியாகப் போட்டுக் குடிக்கலாமே என்றால், அவர் பார்வையில் அது களவு. விருந்தினருக்கென்று வந்த இலை விருந்தினருக்குத்தான்.

உண்மையை ஒரே ஒருத்தி ஒருநாள் சொன்னாள். அறையைச் சுத்தம் செய்கிற கங்கம்மாள், பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்துக்காரி. ஆலையில் ஏதோ மெஷின் நின்றுபோனது என்று மோரிதா தேநீரைத் தொடாமல் எழுந்து ஓடிய அன்று, கொட்டப்போனதை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

“இன்னா சாமி இது, வேப்பங்கொழுந்த இடிச்சி ஊறப்போட்ட மாறி கீது.”

“உனக்கு என்ன தெரியும் கங்கம்மா. ஜப்பான்காரா ருசி அது.”

“ஜப்பான்காரனுக்கு மட்டும் நாக்கு இன்னா தகரத்துலயா கீது?”

ஜனார்தனன் கோப்பையை வாங்கிக் கழுவினார். மூன்று வருஷமாகக் குடிக்கிறவரே நன்றாயிருக்கிறது என்கிறபோது, துடைப்பம் பிடிக்கிறவள் சொல்வதைக் கேட்பானேன் என்று நினைத்தார். முன்மாதிரி ஊழியருக்கு அந்த அளவு மண்டைக்கனம் ஏறியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பாக்கியராஜ் டீ மெஷின் கதையை எடுத்தார். பட்டனைத் தட்டினால் ஆறு தினுசு டீ வருமாம். லீவு கேட்காதாம். மோரிதா வேண்டாம் என்று தலையாட்ட, விஷயம் ஜப்பானில் தலைமை அலுவலகம்வரை போயிற்று. அங்கிருந்து தணிக்கைக்கு வரவிருந்த சுகியாமா என்ற அம்மாள், தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பாக்கியராஜ் ஜனார்தனனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். “அந்தம்மா முன்னாடி நீங்க டீ போடணும். நீங்களே டேஸ்ட் பண்ணி அது எப்படி இருக்குன்னு சொல்லணும். ஓகேன்னா நீங்க இங்கயே இருக்கலாம். இல்லன்னா ஒண்ணாந்தேதி மெஷின் வருது, நீங்க பேக்கிங்ல ஷிப்ட் பாக்கணும் சாமி.”

ஷிப்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே ஜனார்தனன் மனசுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டார். முதல் ஷிப்டுக்கான பஸ் விடியற்காலை நாலரைக்கே திருவள்ளூரைவிட்டுக் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் அவர் மடப்பள்ளி அடுப்பின் முன்னால் இருக்க வேண்டும். வேலையை விட்டால் வீடு நடக்காது. முறையை விட்டால் அது பங்காளி கிருஷ்ணஸ்வாமிக்குப் போய்விடும். கிருஷ்ணஸ்வாமி பண்ணுகிற பொங்கலைத் தொன்னையோடு சேர்த்துத்தான் தின்ன வேண்டும், பிரித்தெடுக்க முடியாது. அதைவிட, ஒருதரம் கைவிட்டுப் போன முறை திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. தாத்தா, அப்பா கைமாற்றிக் கொடுத்தது தன் கையோடு போய்விடும்.

மோரிதா பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டு வைத்துவிட்டு ஜனார்தனன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அலர்மேல்மங்கை இரண்டுதரம் வந்து பார்த்தாள்.

“ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்கோளேன். பெருமாளுக்கா பண்ணியிருக்கேள்?”

“இன்னும் யாரும் சாப்பிடலையேடி.”

“நான் வேணா குடிக்கட்டுமா?”

“நீ குடிச்சா நேக்கு என்ன பழக்கம் வரும்?”

டம்ளரைத் தூக்கினார். அது வாய்வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. தன் வாய்தான், தன் வீடுதான், தடுக்கிறவரும் யாருமில்லை, ஆனாலும் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் மூடியே பழகிய வாய். ஆறிப்போனதைக் கடைசியில் துளசிச் செடிக்கு ஊற்றினார்.

சுகியாமா அம்மாள் வந்தார். ஐந்தடிகூட இல்லை, அறுபது வயது இருக்கும். பாக்கியராஜ் அவரைவிடக் குள்ளமாகத் தெரிய வேண்டும் என்று முடிந்தவரை குனிந்து நின்றார். மொழிபெயர்க்க மீஞ்சூரிலிருந்து வருகிற பிரின்சி பக்கத்தில் நின்றாள். மோரிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னவோ அவருக்குத்தான் பரீட்சை என்பதுபோல நெற்றி வேர்த்திருந்தது.

ஜனார்தனன் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊற்றி, நூற்றெட்டும் சொல்லி முடித்தார். கொதிதண்ணீர் இலையில் விழுந்தபோதே அம்மாளின் புருவம் ஏறியதை அவர் கவனிக்கவில்லை. நாமம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

பிரின்சி சொன்னாள். “சார், அதுல கொஞ்சம் நீங்க குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லணுமாம்.”

ஜனார்தனன் கோப்பையை எடுத்தார். திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

“என்னால முடியாதும்மா. எங்க மடப்பள்ளியில பண்ணினவன் முதல்ல வாயில வைக்கறது கிடையாது. சாப்பிடறவா சாப்பிட்டப்புறம்தான். பொய் சொல்லிக் குடிச்ச மாதிரி நடிக்கலாம்னு பார்த்தேன். அதுவும் வரலை. மூணு வருஷமா இதை நான் குடிச்சதே இல்லைன்னு சொல்லிடு.”

பாக்கியராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிரின்சி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் சொன்னாள். அம்மாள் முழுக்கக் கேட்டார். பிறகு, அப்படியானால் முதலில் நான் குடிக்கிறேன் என்று பாதிக் கோப்பை ஊற்றிக்கொண்டு ஒரு வாய் வைத்தார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து பிரின்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாள் விழுங்கினார். விழுங்கிவிட்டு, மிச்சம் இருக்கிறது, இப்போது உங்கள் முறை என்று கெட்டிலை ஜனார்தனன் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிடவேண்டியவர் சாப்பிட்டாயிற்று. இனி இது பிரசாதக் கணக்கு. ஜனார்தனன் துண்டை அவிழ்த்தார், ஊற்றினார், குடித்தார்.

கங்கம்மாள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவள் மரியாதை பார்த்துக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். காய்ச்சலுக்குக் குடிக்கிற நிலவேம்புக் கஷாயம் இதற்குப் பாயசம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மோரிதாவைப் பார்த்தார்.

“இதையா சார், மூணு வருஷமா?”

மோரிதா தரையைப் பார்த்தார். பிரின்சி கேட்டுச் சொன்னாள். “மொதல் நாளே கசப்புதானாம் சார். ஆனா நீங்க வாயக் கட்டிகினு, கையக் கட்டிகினு சாமி முன்னாடி நிக்கிற மாதிரி நின்னீங்களாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியலயாம். அப்புறம் நாளாயிடுச்சாம்.”

ஜனார்தனனுக்கு அவமானத்தில் காது சுட்டது. பெருமாள்கூட ஊர் ஜனத்தின் வாயால் மிளகு எங்கே என்று கேட்டுவிடுகிறார். இந்த மனுஷர் ஆயிரம் வேளை விஷத்தைக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாள் ஒரே கேள்வி கேட்டார். என்ன தப்பு?

அதற்கு ஜனார்தனன் யோசிக்கவே இல்லை. நாக்கில் பட்ட மறுகணமே அவருக்குள் சமையல்காரன் விழித்துக்கொண்டான். “சூடு ஜாஸ்தி, இலை வெந்துடுத்து. ஊறினதும் ஜாஸ்தி. இது கொழுந்து, கொதிதண்ணி தாங்காது. கீரையைக் குழைய விட்டா மாதிரி நான் பண்ணிண்டிருக்கேன். இன்னொருதரம் போடட்டுமா?”

யாரும் சொல்லிக்கொடுக்காமலே கொதித்த தண்ணீரை ஒரு கோப்பைக்கு மாற்றினார். அதிலிருந்து இன்னொன்றுக்கு. கோப்பையின் பக்கவாட்டில் விரல் வைத்தால் பொறுக்கிற சூடு வந்தபோது இலைமேல் ஊற்றினார். நாமம் முப்பதோடு நிறுத்தி, கோப்பைகளில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார். அம்மாள் குடித்தார். இரண்டாம் வாயும் குடித்தார். ஜனார்தனனும் மிச்சத்தைக் குடித்துப் பார்த்தார். பயத்தம்பருப்பு வேக ஆரம்பிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு தொண்டையில் நின்றது. சந்தோஷத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

அம்மாள் கையெழுத்துப் போட்டார். மெஷின் வேண்டாம், இவர் நாக்கு போதும் என்று எழுதினார். கிளம்பும்போது மோரிதாவை நிற்கவைத்து ஒரு உத்தரவும் போட்டார். தேநீர் போட்டவர் மேல் குற்றமில்லை, குடித்தவர் மேல்தான். இனிமேல் தினமும் முதல் வாய் குடித்ததும் அவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஜனார்தனன் வீட்டுக்குப் போன் செய்தார். “முறை நம்மகிட்டயேதான் இருக்கு” என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் விரல் பொறுக்கும் சூட்டில், முப்பது நாமத்தில், அப்பழுக்கில்லாத தேநீர் மோரிதாவின் முன்னால் போயிற்று. அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேர்க்க ஆரம்பித்தார்.

“சொல்லுங்கோ சார். அம்மா உத்தரவு” என்றார் ஜனார்தனன்.

மோரிதா வெகுநேரம் ஜப்பானிய மொழியில் பேசினார். பிரின்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “நல்லாதான் இருக்காம். ஆனா மூணு வருஷம் குடிச்சிக் குடிச்சி அந்தக் கசப்பு பழகிடுச்சாம். இது தண்ணி மாதிரி இருக்காம். அது இல்லன்னா காலைல கண்ணே தொறக்காதாம். நேத்து அந்தம்மா முன்னாடி சொல்ல பயமாம். முடிஞ்சா பழையபடியே போடச் சொல்றாரு சார்.”

ஜனார்தனன் அவரை உற்றுப் பார்த்தார். மூன்று வருஷத்தில் இந்த மனிதர் தேநீர் குடித்த கையோடு தன்னிடம் சொன்ன முதல் உண்மை இது. கோபம் வரும் என்று நினைத்தார், சிரிப்புதான் வந்தது. நாற்காலியை இழுத்து மோரிதாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கெட்டிலில் மீந்திருந்த நல்ல தேநீரைத் தனக்கு ஊற்றி, அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எழுந்து போய் அவருக்குத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தார்.