மஞ்சள் படியாத நகம்

“ஏட்டி, சோத்த அள்ளி வாயில வைக்கதுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பு. அது பத்தாதுன்னு அதுக்கு மேல இன்னொரு படிப்பா?”

நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி முதுகலையில் இடம் கிடைத்த அன்று சித்தப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவளே நான்தான். படித்துக் காட்டினால் போதும் என்கிற திமிர் எனக்கு உண்டு.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு, பக்கவாதம் வந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் கையால் சாப்பிடப் பழகுவதை எடுத்துக்கொண்டேன். சங்கரன்கோவிலில் எனக்குக் கிடைத்தவர் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. வலது கை விழுந்திருந்தது. இடது கையால் சாப்பிட மாட்டார். ஸ்பூனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகளுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

“சம்பந்தி வீட்டு விருந்துல, நாலு பேரு முன்னால, எலையில ஒக்காந்து நானே சாப்பிடணும். எனக்கு அது போதும் தாயி” என்றார்.

மாவு பிசைவதில் தொடங்கி, இட்லித் துண்டை எடுப்பது, பிறகு சோறு என்று வரிசை வைத்தேன். சனிக்கிழமை காலையில் போன் செய்துவிட்டுப் போவேன். அண்ணாச்சி தேய்த்த சட்டையும் நெற்றியில் திருநீறுமாக, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்பார். இட்லித் துண்டு நடுங்கி நடுங்கி வாய்க்குப் போகும்.

“சோறு?” என்பேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொள்வார். “அவியளே பெசைஞ்சு சாப்பிடுதாவ. இப்பத்தான சாப்பிட்டு எந்திச்சாவ.”

நான் போகும்போதெல்லாம் அவர் இப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருப்பார்.

அவர்கள் சொன்னதை வைத்து, என் ஆய்வுத் தாளில் அண்ணாச்சியின் மதிப்பெண்கள் ஏறின. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடம் போனில் பாராட்டினார். எனக்கு மட்டும் உறுத்தியது. இட்லியையே நழுவவிடும் கட்டைவிரல், குழம்புச் சோற்றை எப்படி உருட்டுகிறது?

ஒரு சனிக்கிழமை கையை நீட்டச் சொன்னபோது நகங்களைப் பார்த்தேன். தினமும் குழம்பு ஊற்றிப் பிசைகிறவர்களின் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும். என் நகத்தில் இருந்தது. அண்ணாச்சியின் மனைவி, அந்த அக்காவின் நகத்திலும் இருந்தது. அண்ணாச்சியின் வலது கை நகங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அதற்குப் பிறகு எதையும் நம்ப முடியவில்லை. அவர்கள் கொடுத்த காப்பியைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடித்தேன். என்னை விவரமில்லாதவள் என்று நினைத்துவிட்டார்களா? கடைக்கு வரும் சித்தப்பாவோடு சேர்ந்து சிரிக்கிறார்களா?

அடுத்த முறை போன் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நின்றேன். அண்ணாச்சியின் மார்பில் துண்டு விரித்திருந்தது. அக்கா சாம்பார் சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். கன்னத்தில் சோறு உப்பி நின்றது.

“தெனமும் இப்பிடித்தானாக்கா?”

“கோவப்படாத மக்கா” என்றார் அக்கா. “சிந்துனா அவியளுக்கு ஆத்திரம் வருது, தட்டத் தள்ளிவிட்டுருதாவ. இல்லன்னு சொன்னா ஒனக்கு மார்க்கக் கொறைச்சிருவாவள்லா? பாவம், ஒங்க வீட்டுல மொதமொத படிக்க புள்ள.”

அண்ணாச்சி ஒருவழியாக விழுங்கிவிட்டுச் சொன்னார்: “நான் பெயிலானா நீயும் பெயிலுல்லா தாயி!”

ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இரக்கப்பட்டு மார்க் போட்டிருக்கிறார்கள். முகம் சுட்டது. ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

“சம்பந்தி வீட்டுலயும் அண்ணாச்சியே சாப்பிடுதாவன்னுதான் சொல்லி வச்சிருக்கியளா?”

அக்கா தட்டைப் பார்த்தார். அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார்.

“எலையில ஒக்காரும்போது என்ன செய்வீய அண்ணாச்சி?”

தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். “சிந்துங்க. எங்கன சிந்துதுன்னு பாத்தாத்தான் எந்த வெரலுக்கு வேலைன்னு எனக்குத் தெரியும்.”

“தள்ளிவிட்டுருவேன்” என்றார்.

“தள்ளுங்க. நான் பெருக்குதேன்.”

முதல் கவளம் துண்டில் விழுந்தது. இரண்டாவதில் பாதி வாய்க்குள் போனது. கட்டைவிரல் மோதிர விரலைத் தொடவே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் தட்டைத் தள்ளவில்லை.

அன்று மாலையே கைடு மேடத்துக்கு எழுதினேன்: இவரைப் பற்றி இதுவரை அனுப்பிய எதையும் சேர்க்க வேண்டாம், முதலிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வு தள்ளிப்போகும், என் வகுப்போடு பட்டம் வாங்க முடியாது என்று பதில் வந்தது. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா, “பெயிலாயிட்டியோ?” என்று கேட்டாயிற்று.

இப்போது என் மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். போன் செய்துவிட்டுப் போவதில்லை. போனதும் முதலில் அவர் நகங்களைத்தான் பார்க்கிறேன்.