இரண்டு நாட்டு ரூபாய்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எங்கே சின்ன ‘ர’ போடணும், எங்கே பெரிய ‘ற’ போடணும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேரிடம் வாய் திறந்து சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சங்கரன்கோவிலில் நான் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். பட்டாளத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். எங்கள் மகளுக்கு மூன்று வயது. எங்கள் வழக்கத்தில் காதுகுத்து ஒற்றைப்படை வயதில்தான், அதுவும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அவர் வருவதாக நாள் குறித்திருந்தோம். கடைசியில் லீவு ரத்து. இரண்டு பக்கமும் படை சேர்கிறது என்று பேப்பரில் வந்தது.

அன்றிலிருந்து என் மனைவிக்கு ஒரே கேள்வி, சண்டை வருமா வராதா. வேலை விட்டதும் நான் டீக்கடையில் நின்று, அங்கே பேசுவதைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும். வெளியில் வாய் திறக்காதவன் நான். அவளிடம் மட்டும் பேசுவேன். நான் சொல்லி முடிக்கிறவரை அடுப்பை ஊதாமல்கூட உட்கார்ந்திருப்பாள். அப்படிக் கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிது என்று அப்போது தெரியவில்லை.

டீக்கடையில் மில் கணக்கர் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். ராணுவத்துக்கு நாம் ஒதுக்கியது இத்தனை கோடி ரூபாய், பாகிஸ்தான் ஒதுக்கியது இத்தனை கோடி ரூபாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “நாமதாம்ல பெருசு, அவன் வரமாட்டான்” என்று எல்லோரும் தெம்பாக டீ குடிப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அவுக ரூவாயும் நம்ம ரூவாயும் ஒண்ணா? அங்க ஒரு ரூவாய்க்கு எத்தனை சப்பாத்தி குடுப்பாவ?” அண்ணன் சப்பாத்தி தின்று அலுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பட்டாளம் என்றாலே சப்பாத்திதான்.

அதைக் கடையில் கேட்க எனக்குப் பல நாள் ஆயிற்று. கேட்டதும் ஒரே சிரிப்பு.

“ஏலே, ஊமை வாயைத் திறந்துட்டான்! அதுவும் சப்பாத்தி விலை கேக்கான்!”

“ரூவா எங்க போனாலும் ரூவாதாம்ல” என்றார் கணக்கர்.

அன்று அங்கே சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த கடையநல்லூர் பாய் ஒருவர் இருந்தார். “சிரிக்காதீக வே. எங்க ரூம்ல பாகிஸ்தான்காரன் ஒருத்தன் இருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே ரியால்தான் சம்பளம். ஊருக்கு அனுப்பையில அவனுக்கு ரூவா கூட வரும், எனக்குக் கொறச்சலா வரும்.”

“அப்ப அவன்தான வே பணக்காரன்?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“அட, அவன் ரூவா மலிவு வே! ரெண்டையும் ரியாலா மாத்தித்தான் சேர்த்துப் பாக்கணும். அப்படிப் பாத்தா அவன் பட்டாளச் செலவு நீங்க சொன்னதவிடக் கம்மி.”

கணக்கரும் விடவில்லை. “சோத்துக்கும் சம்பளத்துக்கும் அந்தக் கணக்கு சரி பாய். விமானத்தை ரூவா குடுத்தா வாங்குதான்? டாலர் குடுத்துல்லா. வெளிநாட்டுலருந்து ஓசியிலயும் வருதுங்காவ. அதை எதுல சேப்பீரு?” கடை இரண்டாகப் பிரிந்து கத்தியது. நான் நழுவி வீட்டுக்கு ஓடினேன். ரியாலையும் டாலரையும் சொன்னேன். எப்படி மாற்றினாலும் நாம்தான் பெரிசு என்றேன்.

அவள் முகம் தெளியவில்லை.

“அவன் அவ்வளவு சின்னவன்னா எங்கண்ணனுக்கு ஏன் லீவு இல்ல? லீவு எந்தக் காசுல கிடைக்கும், அதைக் கேட்டீயளா?”

வயது தாண்டிவிடும், அவள் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். “ரூவாய்க்கு ரியால் உண்டு. எங்கண்ணன் மடிக்கு மாத்து கிடையாது” என்று சொல்லிவிட்டாள். சண்டை வரவில்லை. வயதுதான் தாண்டியது.

அடுத்த வருடம் மஞ்சள்காமாலையில் அவள் போய்விட்டாள். தந்தியைக் காட்டியதும் அண்ணனுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளையின் ஐந்தாவது வயதில் காதுகுத்து என்ற பேச்சை எடுக்க எனக்கும் அவள் அண்ணனுக்கும் மனம் வரவில்லை. டீக்கடையில் இன்றும் அந்தக் கணக்கு ஓடுகிறது. கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். சொல்லத்தான் ஆள் இல்லை. சில நாள் கதவைத் திறக்கும்போது வாயில் முதல் வார்த்தை வந்து நிற்கும்.

இப்போது அவள் அண்ணன் பென்ஷனோடு ஊருக்கே வந்துவிட்டார். பனவடலிசத்திரம் பக்கம் எங்கள் சாமி கோயிலில் நேற்றுக் காது குத்தினோம். ஏழு வயதுப் பிள்ளை, மாமன் மடியில் கொள்ளவில்லை. கால் தரையில் இழுபட்டது. நான் வழக்கம்போல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, “பிள்ளையோட அம்மா எங்க? கையைப் பிடிச்சிக்கிடச் சொல்லுங்க” என்றார். எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நான் பிடித்துக்கொண்டேன்.

1991, ஆவணி 12.