ஒரு காற்றாடி மட்டும் நின்ற நாட்கள்

சின்னான், உன்னுடைய முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள். எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அக்காவும் எழுதத்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்ற கை இது. உன்னைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன். நீ எனக்கு ஒளித்ததையும் எழுதுகிறேன்.

அன்று காலை முற்றத்தில் பாய் விரித்து, பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி சின்னானுக்கு லீவு நாள். மீன் வாங்கச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போயிருந்தான். அவனோடு காற்றாலையில் வேலை செய்கிற ரவீந்திரன் போன் எடுத்தான். "அக்கா, மனதைத் திடப்படுத்துங்கோ" என்று தொடங்கினான். என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"எங்கையிருந்து விழுந்தவன்?"

எங்களைப் பெற்ற ஐயா வேலி அடைக்க ஓலை வெட்டப் பனையில் ஏறி, விழுந்து போனவர். அதனால் எங்கள் வீட்டுக்குச் சாவு மேலேயிருந்துதான் வரும் என்று எனக்கு ஓர் எண்ணம். ரவீந்திரன் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகுதான் சொன்னான்: விழவில்லையாம். சந்தைத் தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருந்தபடியே நெஞ்சைப் பிடித்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்தக் கொஞ்ச நேரம் அவன் ஏன் கதைக்காமல் இருந்தான்? தலையில் அடித்து அழும்போதும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்களுக்கெல்லாம் அவன் காற்றாலைத் தயா. எனக்குச் சின்னான். ஐயா போய்க் கொஞ்சக் காலத்தில் அம்மாவும் போய்விட்டா. பிறகு அவனை வளர்த்தது நான்தான். அது ஊரில் கறண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைக் கொழுவித்தான் செய்தி கேட்போம். சுற்றுகிறவன் அவன். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது வேண்டுமென்றே கையை எடுத்துவிடுவான். றேடியோ செத்துப்போகும். சுற்றி நிற்கிற சனம் ஏசத் தொடங்கும். "கை நோகுது. ஒரு விசுக்கோத்துத் தந்தால் நோகாது" என்பான். கொடுத்தே ஆகவேண்டும். மற்றவர்கள் செய்தி கேட்க அவன் டைனமோவையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

ஐயா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். பனையோ, தென்னையோ, தூணோ, நிலத்தை விட்டு ஏறக்கூடாது. என் தலையில் கை வைத்து, "ஓம் அக்கா, ஏறமாட்டன்" என்றான்.

கடல்நீரேரிக் கரையில் கறண்ட் எடுக்கிற காற்றாடிகள் வந்து, அவனுக்கு அங்கே வேலை கிடைத்த அன்று நான் சம்பளம் கேட்கவில்லை. ஏறுகிற வேலையோ என்றுதான் கேட்டேன். இல்லையாம். கீழே அறையில் இருந்து கொம்பியூட்டர் பார்க்கிற வேலையாம். நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று இன்றைக்கே கொழும்புக்குச் சொல்லவேண்டுமாம். நீ என்ன சாத்திரியாரோ என்று கேட்டேன். வானத்தில் சுற்றுகிற செய்மதிகள் மேகம் பார்த்துச் சொல்வதும், இங்கே உயரக் கம்பத்தில் சுற்றுகிற சின்னக் கிண்ணங்கள் அளந்து சொல்வதும் சேர்ந்துதான் கணக்கு வருகிறது என்றான். அதை ஏன் முதல் நாளே சொல்லவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

"நாங்கள் எவ்வளவு தருவம் எண்டு தெரிஞ்சால்தானே மற்ற இடங்களிலை எந்த எஞ்சினை ஓட்டுறது, எதை நிப்பாட்டுறது எண்டு கொழும்பிலை இருக்கிறவை முடிவெடுக்கலாம். கறண்ட் என்ன ஒடியலே அக்கா, காயவைச்சு அடுக்கிவைக்க?"

அந்த உயரத்தில் எப்படிக் கறண்ட் வருகிறது என்று கேட்டபோது, மேலே பெட்டிக்குள் இருப்பது பெரிய டைனமோதான் என்றான். "அண்டைக்கு நான் சுத்தினன். இப்ப காத்துச் சுத்துது. காத்து விசுக்கோத்துக் கேக்காது."

அவன் சொன்ன காற்று பெரும்பாலும் சொன்னபடி வந்தது. சோளகக் காற்றுப் பின்னேரம் எழும்பும் என்றால் எழும்பும். நான் பாயைச் சுருட்டிவிடுவேன். ஆனால் சோளகம் ஓய்ந்து வாடை தொடங்காத இடைக்காலத்தில் அவன் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. "நாளைக்குக் காத்துக் குறைவு அக்கா" என்பான், முகமெல்லாம் சிரிப்பாக. காற்றை விற்றுப் பிழைக்கிறவன் காற்றில்லை என்று ஏன் சந்தோசப்படுகிறான்?

காற்று வீசும்போது காற்றாடிகள் நின்றால் ஊரில் எல்லோரும் அவனைத்தான் பிடிப்பார்கள். அவன் பொறுமையாகச் சொல்வான்: பெருநாள், லீவு நாள் என்றால் கந்தோரும் பூட்டு, தொழிற்சாலையும் பூட்டு. கூரைக்குக் கூரை சூரியத் தகடும் கறண்ட் தருகிறது. எடுக்க ஆளில்லாவிட்டால் நிறுத்தச் சொல்வார்கள். சரி, அதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் வேலை நாளில் ஒன்று மட்டும் நிற்கும், மற்றவை சுற்றும். எங்கள் முற்றத்தில் நின்றால் எல்லாம் தெரியும். அன்று அவன் வந்ததும் கேட்டேன்.

"ஒண்டின்ரை கறண்ட் மட்டும் புளிச்சுப்போச்சோ?"

"நீ பொலிசிலை சேர்ந்திருந்தால் ஊரிலை ஒரு கள்ளனும் மிஞ்சியிருக்கமாட்டான்" என்று சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். அன்றைக்கு வாளி இழுக்க அவனால் முடியவில்லை. கொம்பியூட்டர் பார்த்துத் தோள் நோகுது என்றான். ஒன்று மட்டும் நிற்கிற நாட்களில் எப்போதும் அப்படித்தான். விடியப் புறப்படுவான், இருண்டதும் பாயில் விழுவான். அந்த நாட்களில்தான் மத்தியானம் போன் வேறு எடுப்பான். "என்ன கறி?" என்பான். கத்தரிக்காய் என்று சொன்னால் "நல்லது" என்று வைத்துவிடுவான். இதற்கொரு போனா?

வேலை இல்லாமல் எங்கேயோ போய் இருக்கிறான் என்று நினைத்தேன். இணுவிலில் ஒரு பிள்ளையைக் கலியாணம் பேசியபோது வேண்டாம் என்றவன், வேறு எங்கோ ஒருத்தியை வைத்திருக்கிறான் என்றும் நினைத்தேன். முற்றத்தில் நின்று, நிற்கிற காற்றாடியைப் பார்த்து அவனை ஏசுவேன்: உது நிக்குது, உவன் எங்கை நிக்கிறானோ.

செத்தவீட்டில் அவன் உடம்புக்கு எண்ணெயும் அரப்பும் வைக்கும்போது அவன் கையைப் பிடித்தேன். விரலடி எல்லாம் சிரட்டை மாதிரிக் காய்த்திருந்தது. அறைக்குள் இருந்து கொம்பியூட்டர் தட்டினவனுக்கு ஐயாவின் கை எப்படி வந்தது?

ரவீந்திரனைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டேன். இவர்கள் எதையோ மூடுகிறார்கள், இவன் விழுந்துதான் செத்திருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். தேத்தண்ணிக் கடைக்காரரே வந்து நிற்கிறார், கேளுங்கோ என்றான். கேட்டேன். அவர் சொன்னதும் அதுவேதான். பிறகு ரவீந்திரன் தானாகவே சொன்னான்.

"ஏறினவர்தான் அக்கா. எங்கள் எல்லாரையும் விடக் கூட ஏறினது அவர்தான். ஆள் மேலை போறதெண்டால் அந்தக் காத்தாடியை நிப்பாட்டிப் பூட்டிப்போட்டுத்தான் போகலாம். காத்துக் குறைஞ்ச நாளிலைதான் ஏற விடுவினம். இறங்கின உடனை, வேர்வை துடைக்க முன்னமே, உங்களுக்குத்தான் போன் எடுப்பார்."

முதலில் அவன் கீழேதான் இருந்தானாம். ஏறுகிற ஆள் விலகிப்போனபோது ஒருநாள் இவன் போனானாம். இறங்கி வந்து, "டைனமோவைப் பாத்திட்டன்" என்றானாம். அதற்குப் பிறகு கீழே இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டானாம். இடுப்புப் பட்டியில் கொழுக்கி இரண்டாம். ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றமாட்டானாம். புதிதாக வருகிறவர்களிடம், "எனக்கு ஒரு அக்கா இருக்கிறா" என்று சொல்லித்தான் அதைக் காட்டிக்கொடுப்பானாம்.

மேலே நிற்கும்போது எப்போதாவது நெஞ்சு நோவு வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான் ரவீந்திரன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தான். சீனி வருத்தம், இரத்த அழுத்தம் என்று டொக்டர் சொன்னார். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் எழுதவில்லை. முழுதாக நம்பினேன் என்றும் எழுதமாட்டேன். என்னிடம் உண்மை சொல்லியிருக்க வேண்டியவன் ஒருத்தன்தான். அவனோ சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவன்.

அவனுடைய கையுறைச் சோடியை ரவீந்திரன் கொண்டுவந்து தந்தான். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து நூல் தெரிகிறது. அடுப்பில் சட்டி இறக்க நல்லது என்று ஒருத்தி சொன்னா. கொடுக்கவில்லை. சாமிப் படத்தட்டில் ஐயா பனை ஏறக் காலில் போட்ட தளைநாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதுவும், ஒடியலைக் கிளறும்போது தலையை நிமிர்த்தி எது நிற்கிறது என்று பார்க்கிற பழக்கமும்தான் எனக்கு மிச்சம்.

நேற்று நடுக் காற்றாடி நின்றது. மற்றவை சுற்றின. மத்தியானம் வரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றேன். இத்தனை காலமும் நீ எங்கே என்று தேடி நான் பார்த்து ஏசின இடத்தில்தான் நீ நின்றிருக்கிறாய்.

சின்னான், அந்த உயரத்திலை நிக்கேக்கை எங்கடை முற்றம் தெரிஞ்சதோ? உன்னை ஏசிக்கொண்டு நிண்ட அக்காவைக் கண்டனியோடா?