கம்பி சூடா, கரி சூடா

மடிக்கணினித் திரையில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, எங்கள் சிமெண்ட் ஷீட் வீட்டில், அரிசி டிரம்மின் மேல் கணினியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, நான் கணக்கிட்ட சூடு. நீலம், ஆய்வகத்தில் அளந்த சூடு. மூன்று மாதமாக விலகியே நின்ற இரண்டும் அன்று காலையில்தான் பொருந்தின. பொருந்தின என்பது சரியல்ல, பொருத்தினேன்.

அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். காதுக்குக் கேட்காத ஒலியை வெளியிலிருந்து உடம்புக்குள் ஒரே இடத்தில் குவித்தால், அரிசிமணி அளவுக்கு அந்த இடம் மட்டும் சுடும். கத்தி வைக்காமலே கட்டியை அழித்துவிடலாம். எத்தனை நொடியில் எவ்வளவு சூடேறும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது என் வேலை. கணக்கைச் சரிபார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் ஆட்டு ஈரலை வைத்து, தலைமுடி போன்ற வெப்பமானிக் கம்பியை அதில் செருகி, ஒலியைப் பாய்ச்சி அளப்பேன். கம்பி எப்போதும் கணக்கைவிடக் கூடுதலாகவே காட்டியது. புதன்கிழமை ஆய்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும். இந்த முறையும் பொருந்தாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? ஈரல் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கான எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். புத்தகங்கள் சொல்லும் எல்லையை அது தாண்டியபோது கோடுகள் ஒட்டிக்கொண்டன.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து அக்கா வந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். சுரங்கத்தின் நிலக்கரிக் கிடங்கில் கான்ட்ராக்ட் வேலை. முகம் கழுவியும் காது மடலில் பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், அன்றைக்குக் கிடங்கில் நடந்ததைச் சொல்லிச் சிரித்தாள். மலைபோல் கொட்டி வைத்த கரி உள்ளுக்குள் தானாகக் கனன்று தீப்பிடித்துவிடும். அதனால் இரும்புக் கம்பியை ஆழமாகச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, தொட்டுப் பார்ப்பார்கள். புதிதாக வந்த பெண் ஒருத்தி வெயிலில் கிடந்த கம்பியை எடுத்துச் செருகி, உடனே உருவித் தொட்டுவிட்டு, தீ தீ என்று கத்தியிருக்கிறாள். ஷிப்டே தண்ணீர்க் குழாயோடு ஓடியிருக்கிறது. இனி அவளை எங்கே பார்த்தாலும் "கம்பி சூடா, கரி சூடா" என்று கேட்பார்களாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வாங்கிக்கட்டிக்கொள்கிற கேலி அது. அக்காவும் வாங்கியிருக்கிறாள்.

"நீ எத்த வச்சுடா சூடு பாக்கற?"

"கம்பிதான்."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "அங்கயும் கம்பியா? அப்ப ஒங்கம்பி சூடா, ஈரலு சூடா?"

எனக்குக் கோபம் வந்தது. இது முடியளவு கம்பி, வெயிலில் கிடப்பதில்லை என்றேன்.

"வெயில்ல கெடக்கல, சரி. நீ வுடுற சத்தம் அது மேலயும்தான படும்?"

கணினிப் பக்கம் திரும்பினேன். அளவுகளின் மூலப் பதிவைத் திறந்து, ஒலியை நிறுத்திய கணத்தைப் பெரிதாக்கினேன். நிறுத்தியதுமே நீலக் கோடு செங்குத்தாக விழுந்து, பிறகுதான் மெல்ல இறங்கியது. ஈரல் அவ்வளவு வேகமாக ஆறாது. முதலில் விழுந்தது, ஒலி உரசியதில் கம்பி தானே ஏற்றிக்கொண்ட சூடு. நூறு முறையாவது பார்த்த கோடு அது.

"அக்கா, ஒரு நம்பர மாத்திட்டேன்" என்றேன்.

"ஆருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இப்ப கணக்கு நெசத்தவிட அதிகமா சூடு காட்டும், அத நம்பி டாக்டருங்க சூட்டக் கம்மியா வெப்பாங்க. கட்டி முழுசா சாவாது."

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "நாங்க தப்பா பாத்தா தண்ணிதான் வீணு. ஒனக்கு அப்பிடி இல்லியே."

எண்ணைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். கோடுகள் விலகிக்கொண்டன.

புதன்கிழமை குழுவின் முன் கோடுகள் ஒட்டிய படம், விலகிய படம் இரண்டையும் வைத்து, எதை மாற்றினேன், ஏன் அது தவறு என்று சொன்னேன். வழிகாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் வெளியே நிற்கவைத்தார்கள். மூன்று மாத அளவுகளும் செல்லாது, கடைசி வாய்ப்பாக ஆறு மாதம் தருகிறோம் என்றார்கள். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எத்தினி நாளு குடுத்தாங்க?"

"ஆறு மாசம்."

"அழுதுகினு நிக்காம போயி அள."

அளந்தேன். இன்னும் மெல்லிய கம்பி, இன்னும் நிறைய ஈரல். ஒலி நின்று, கம்பியின் சொந்தச் சூடு வடிந்த பிறகு வரும் அளவை மட்டும் எடுத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டேன். கோடுகள் நெருங்கின, ஒட்டவில்லை. மிஞ்சிய இடைவெளியை அப்படியே ஆய்வேட்டில் எழுதினேன். பட்டம் கிடைத்தது.

இன்று அந்தச் சிகிச்சைக் கருவிக்கான அளவு அட்டவணைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன், பர்மனென்ட். அக்கா இன்னும் கான்ட்ராக்ட்தான். அவளுடைய கேட் பாஸில் வேலை என்ற இடத்தில் "அன்ஸ்கில்டு" என்றே அச்சிட்டிருக்கிறது. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் "வெப்பம் அளப்பவர்" என்று எழுதியிருக்கிறேன்.